பத்துத் தோட்டாவும் தேங்காயெண்ணெயும்

நிலத்துக்கு உச்சவரம்பு போட்ட சர்க்கார், ஒரு கைத்துப்பாக்கியின் வயிற்றுக்குள் எத்தனை தோட்டா இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு போட மறந்துவிட்டது. முதலமடை ஆறுமுகசாமிக்கு அந்த எழுபதுகளில் மிஞ்சிய ஆறுதல் அதுதான்.

குத்தகைக்கு விட்டிருந்த வயலெல்லாம் உழுதவர்கள் பெயருக்குப் போய்விட்டது. வீடும் மாந்தோப்பும் மிச்சம். முன்பெல்லாம் அவரைக் கண்டதும் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றவர்கள், இப்போது அதே துண்டைத் தலையில் கட்டியபடி, சைக்கிளை நிறுத்தாமலே, "சௌக்கியமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பதில் சொல்வதற்குள் சைக்கிள் திருப்பத்தைத் தாண்டிவிடும். அந்த மாதிரி நேரங்களில் ஆறுமுகசாமியின் கை தானாக இடுப்புக்குப் போகும். சுடுவதற்கு அல்ல, அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள.

நெல்லியாம்பதியில் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவருடைய அப்பா வாங்கிய சாமான் அது. அமெரிக்காவில் செய்தது. முறையான லைசென்ஸ் உண்டு. ஒரு தோட்டா வெடித்ததும் மேல்பாகம் தானே பின்னால் போய், காலிக் குப்பியை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே இழுத்துக்கொண்டு மூடிக்கொள்ளும். விசையை அமுக்குவது ஒன்றுதான் மனிதன் வேலை. ஆனால் ஆறுமுகசாமியின் பெருமை அதில்கூட இல்லை. பிடிக்குள் செருகுகிற தோட்டாக் கூட்டில் இருந்தது. கோயமுத்தூர்த் துப்பாக்கிக் கடைக்காரர் அதை மேகசின் என்பார். கொல்லங்கோட்டுப் பெரிய மனிதர் ஒருவருடைய பிஸ்டலின் மேகசினில் ஏழு தோட்டா. இன்ஸ்பெக்டரின் ரிவால்வரில் ஆறு. இவருடையதில் பத்து.

எப்படிப் பத்து என்பதைப் பாவாவின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து விளக்குவார். உப்பு வாங்க வந்தவர்களும் கேட்டுவிட்டுத்தான் உப்போடு போக முடியும். கூடையிலிருந்து நாலைந்து மாங்காயை எடுத்து மேசைமேல் அடுக்குவார்.

"இங்க பாரு பாவா. மத்தவனுது ஏணிப்படியாட்டம், ஒண்ணு மேல ஒண்ணு. நம்முளுது அப்படியில்ல. மாங்காயைப் பெட்டியில எப்படி அடுக்கறோம்? கீழ ரெண்டு வெச்சா, மேல வெக்கறது அந்த ரெண்டுக்கும் நடுவால பள்ளத்துல உக்காருது. அப்படி ரெண்டு வரிசை. ஒயரம் அதே ஒயரந்தான், சரக்கு ஒண்ணரைப் பங்கு."

"வெளிய வரும்போது ரெண்டும் முட்டிக்காதுங்களா?" என்று பாவா கேட்பார். பலமுறை கேட்ட கேள்விதான். கேட்காவிட்டால் மாங்காய் மேசையை விட்டுப் போகாது.

"அங்கதான் வெள்ளைக்காரன் மூளை. கழுத்துக்கிட்ட கூடு சுருங்குது. ரெண்டு ரோடும் ஒரே பாலத்துல ஏறுது. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, முறை வெச்சு. அடியில ஸ்பிரிங்கு இருந்து தள்ளிக்கிட்டே இருக்கும்."

இந்தப் பத்தில் இதுவரை அவர் சுட்டது எத்தனை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. தோட்டா கிடைப்பது அரிது. கிடைத்ததைச் சுட்டுவிட்டால் அப்புறம் பத்து என்று சொல்ல முடியாது.

அந்தத் தை மாதம் ஆறுமுகசாமிக்குத் துப்பாக்கியைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து சேர்ந்திருந்தது. மகள் பொன்னாத்தாளுக்கு வரன். சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தியின் மகன் தண்டபாணி. ஈஸ்வரமூர்த்தி உடுமலைப் பக்கத்து மனிதர். மலையேறிப் போய்த் தோட்டம் போட்டு அங்கேயே தங்கிவிட்டவர். ஏலம் வாங்க அங்கே போய்வருகிற பாவாதான் பேச்சைத் தொடங்கி வைத்தார். பையன் தங்கமான குணம். அதைவிட, ஏலத்தோட்டத்துக்கு உச்சவரம்புச் சட்டம் கிடையாது. இந்த இரண்டாவது குணம் ஆறுமுகசாமிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த மலைநிலத்தில் மகள் கால் வைத்துவிட்டால், இனி எந்தச் சட்டம் வந்தாலும் தன் ரத்தத்தில் ஒரு பகுதியாவது நிலத்தோடு இருக்கும் என்று கணக்குப் போட்டார். மனைவி மருதாத்தாளும் விட்டால் வராத இடம் என்றாள். கணவன் மனைவி இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த வீட்டில் அபூர்வம்.

ஆனால் அங்கிருந்து வந்த பதிலில் சூடு இல்லை. வந்து வீடு பார்த்துவிட்டுப் போங்கள், அப்புறம் பேசலாம் என்றார்களாம்.

"பிஸ்டல் விசயம் அங்க தெரியுமுங்க" என்றார் பாவா, புளியை எடைபோட்டுக்கொண்டே. "மாப்பிள்ளைப் பையன் ரெண்டு தரம் எங்கிட்டக் கேட்டாருங்க, நெசமாலுமே பத்தான்னு."

ஆறுமுகசாமியின் மீசை நிமிர்ந்தது. "நீ என்ன சொன்ன?"

"பத்துத்தானுன்னு சொன்னேனுங்க. நாஞ் சொல்றதைக் கேட்டீங்கன்னா, இந்தத் தடவை அதை ஊட்லயே வெச்சுட்டுப் போயிட்டு வாங்க."

கடைக்காரனுக்குத் துப்பாக்கியின் அருமை எப்படித் தெரியும் என்று ஆறுமுகசாமி நினைத்துக்கொண்டார். பையன் இரண்டு முறை கேட்டிருக்கிறான் என்றால் பார்க்க ஆசைப்படுகிறான். காட்டிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பதிலுக்கு, கோயமுத்தூரிலிருந்து துப்பாக்கி எண்ணெய் வரவழைக்கச் சொல்லியிருந்தேனே, என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார். கடைக்காரரிடம் இருப்பு இல்லையாம், வந்ததும் லாரியில் போட்டுவிடுவாராம் என்றார் பாவா.

வராவிட்டால் என்ன? துப்பாக்கி எண்ணெய் தீர்ந்து வெகு காலம் ஆயிற்று. அதிலிருந்து தேங்காயெண்ணெய்தான். அந்த வீட்டில் தலைக்கு, தாளிப்புக்கு, கதவுக் கீலுக்கு, தையல் மிஷினுக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். துப்பாக்கி மட்டும் என்ன ஒசத்தி என்பது மருதாத்தாள் கட்சி. ஆறுமுகசாமி எதையும் கஞ்சத்தனமாகச் செய்கிறவர் அல்ல. அகலவாய்ப் புட்டி ஒன்றில் எண்ணெயை நிரப்பி, தோட்டாக் கூட்டைத் தோட்டாவோடு அதில் மாங்காய் ஊறுகாய் மாதிரி ஊறப் போட்டு வைத்திருந்தார். ஒற்றை வரிசைக் கூடாக இருந்தால் எண்ணெய் தங்க இடம் இருக்காது. இது இரட்டை வரிசை. சந்து பொந்தெல்லாம் எண்ணெய். பயணத்துக்கு முன்னால் அதை எடுத்து, சொட்டாமல் பாலித்தீன் தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டினார்.

தைக் காலையில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் புட்டியில் உறைந்து கிடப்பதும், அதை மருதாத்தாள் வெயிலில் வைப்பதும் அவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய்க்கும் அதே புத்திதான் இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பயணத்தில் இன்னொரு சங்கடம். ஆறுமுகசாமி இருப்பது கேரளம், சூரியநெல்லி இருப்பதும் கேரளம். ஆனால் வழி பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து போகிறது. லைசென்ஸோ கேரளத்துக்குள் மட்டும். எனவே பத்துத் தோட்டாத் துப்பாக்கி, இரண்டு மாநிலச் செக்போஸ்ட்டுகளையும் மருதாத்தாளின் மடியில், சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப்போன முறுக்கு டின்னுக்கு அடியில் படுத்துக்கொண்டு கடந்தது. செக்போஸ்ட் போலீஸ்காரர் டின்னைத் திறக்கச் சொன்னபோது ஆறுமுகசாமி வண்டிக்குள் சாய்ந்து தூங்கினார். மருதாத்தாள் கை நிறைய முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். போலீஸ்காரர் ஒன்றைக் கடித்துவிட்டு, நல்ல எண்ணெய் என்று சொல்லிக் கம்பைத் தூக்கினார்.

மறையூர் தாண்டியதும் குளிர் ஏற ஆரம்பித்தது. சின்னக்கானல் வந்தபோது ஆறுமுகசாமி ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதற்குள்ளிருந்தபடி கம்பீரமாக இருக்க முயன்றுகொண்டிருந்தார்.

ஈஸ்வரமூர்த்தி வாட்டசாட்டமான மனிதர், ஆனால் குரல் தாழ்ந்தது. அவர் மனைவி சரஸ்வதியம்மாள் சிரித்த முகம். பையன் தண்டபாணி ஒல்லி. வணக்கம் சொன்னவன் கண்ணை நேரே ஆறுமுகசாமியின் இடுப்புக்குக் கொண்டுபோனான், அங்கிருந்து எடுக்கவில்லை. ரசனை உள்ள பையன் என்று ஆறுமுகசாமிக்குத் திருப்தி. சாப்பாட்டு நேரம் முழுக்க அவர்தான் பேசினார். ஏணிப்படி, மாங்காய்ப் பெட்டி, இரண்டு ரோடு, ஒரு பாலம் எல்லாம் வந்தது. மாங்காய் கிடைக்காததால் உருளைக்கிழங்கை வைத்து விளக்கினார். ஈஸ்வரமூர்த்தி தன்னிடமும் ஒரு இரட்டைக்குழல் இருக்கிறது, யானை வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவோம் என்று தயக்கத்தோடு சொன்னார்.

"ரெண்டுதானுங்களே" என்றார் ஆறுமுகசாமி, இரக்கத்தோடு. "காலைல பாருங்க. பத்தும் பொத்துப் பொத்துன்னு எப்படிப் போகுதுன்னு காட்டறனுங்க. எம்பட புள்ளையை ஒருத்தன் கண்கலங்க வெச்சான்னா, அவனுக்குப் பத்தும் போதுமில்லீங்களா?"

இதை அவர் வேடிக்கையாகச் சொன்னார். தண்டபாணி அதற்கப்புறம் இலையில் கை வைக்கவில்லை. மருதாத்தாள் மேசைக்கடியில் கணவன் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் முற்றத்தில் பத்துப் பால் டின்கள் வேலிக் கட்டைமேல் வரிசையாக நின்றன. அடுக்கி வைத்தவன் தோட்டத்துக் காவல்காரன் செல்லத்துரை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன். வேலைக்குப் போகிற பெண்கள் முக்காட்டுக்குள் கையை ஒளித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். பனி புல்லின்மேல் வெள்ளையாகக் கிடந்தது.

ஆறுமுகசாமி பாலித்தீனைப் பிரித்தார். கூட்டை வெளிப்புறம் பளபளவென்று துடைத்தார். வாய்ப்பக்கம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததை நகத்தால் கிள்ளி எறிந்தார். பிடிக்குள் செருகினார், மேல்பாகத்தை இழுத்துவிட்டார், காலை அகட்டி நின்றார், சுட்டார்.

மலை அதிர்ந்தது. டின் எதுவும் அதிரவில்லை. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. இன்னும் ஒன்பது இருக்கிறதே. இரண்டாவது முறை விசையை அமுக்கினார். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேல்பாகத்தை மறுபடி இழுத்துவிட்டு அமுக்கினார். அதே சத்தம். மூன்றாவது முறைக்கு ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மிச்சம் ஒம்பதும் எப்பம் அய்யா வரும்? பேரு கூப்பிடுத பெரட்டுக்கு நேரமாச்சு, பொம்பளையாளுவள அனுப்பட்டா?" என்று செல்லத்துரை மரியாதையாகவே கேட்டான்.

குளிருக்கு இரும்பு சுருங்கியிருக்கிறது, வெயில் வரட்டும் என்றார் ஆறுமுகசாமி. பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். டின்கள் பத்தும் வேலிமேல் அப்படியே நின்றன.

சரஸ்வதியம்மாள் காபியோடு வந்தவள், அவர் கையிலிருந்த கூட்டை எட்டிப் பார்த்தாள். தோட்டாக்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நெய் மாதிரி ஒன்று கெட்டியாக நிறைந்திருந்தது. தோட்டாக்கள் அதற்குள் பதித்து வைத்தது போல் இருந்தன. ஸ்பிரிங் என்ன தள்ளினாலும் அவை அசைகிற உத்தேசத்தில் இல்லை.

"தேங்காயெண்ணெய்ங்களா?" என்றாள். "இங்க அது இப்படித்தானுங்க. தலைக்கு வெக்கற எண்ணெயை நாங்க காலைல அடுப்போரம் வெச்சுத்தான் எடுப்போம். குடுங்க, அதையும் கூட வெச்சர்றேன்."

அடுப்பங்கரைப் பலகையில் ஏற்கெனவே ஒரு தலையெண்ணெய்ப் புட்டி இருந்தது. அதன் பக்கத்தில் ஒன்பது உயிருள்ள தோட்டா நிற்கப்போகிறது என்று புரிந்ததும் சமையல்காரி கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். ஈஸ்வரமூர்த்தி வாசலிலேயே நின்றுகொண்டு, அடுப்பு வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினார். வெயிலும் இல்லை, மூடுபனி. கடைசியில் மருதாத்தாள்தான் வழி சொன்னாள்.

"கக்கத்துல இடுக்கிக்குங்க. ஒடம்புச் சூட்டுக்கு எளகிப்போகும்."

பெண் கொடுக்கும் பேச்சு முன்கூடத்தில் தொடங்கியது. ஆறுமுகசாமி கம்பளிக்குள் இடது கக்கத்தில் கூட்டை இடுக்கிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இரும்பின் குளிர் விலா எலும்பு வழியாக உள்ளே இறங்கியது. கையைத் தூக்க முடியாது, சாய முடியாது. ஈஸ்வரமூர்த்தி ஏதாவது கேட்டால் பாதி உடம்போடு வணங்கி, ஆமாங்க என்றார். நேற்று உருளைக்கிழங்கை அடுக்கிய மனிதரா இவர் என்று அந்த வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அதில் தோளைக் குறுக்கி, கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு, முகத்தில் ஒரு பணிவோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். எங்கேயோ பார்த்த கோலம் என்று ஆறுமுகசாமி யோசித்தார். சொந்த வாசலில் வருஷக்கணக்காகப் பார்த்ததுதான். நினைவு வந்ததும் கண்ணாடிப் பக்கம் திரும்புவதை நிறுத்திக்கொண்டார்.

சன்னல் வழியாக டின்கள் தெரிந்தன. இளகியதும் வெளியே போய் ஒன்பதையும் சுட்டுவிட்டால் போன மானம் திரும்பிவிடும், சம்பந்தமும் கூடிவிடும் என்பது அவர் திட்டம். கக்கத்திலிருந்து ஏதோ கதகதப்பாக விலாவில் வழிந்து வேட்டிக் கரையை அடைந்தபோது அவருக்கு நம்பிக்கை வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார்.

அதே நேரம் ஈஸ்வரமூர்த்தியும் எழுந்தார். உள்ளே மனைவியோடும் மகனோடும் ஏதோ பேசிவிட்டு வந்தவர், வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் வைத்திருந்தார். எழுந்து நின்ற ஆறுமுகசாமிக்கு எதிரே வந்து தட்டை நீட்டினார்.

வெற்றிலைத் தட்டை ஒற்றைக் கையால் வாங்கினால் அது வாங்கினது ஆகாது. வாங்குகிறவன் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்கிறான் என்றே அர்த்தம். ஆறுமுகசாமி வலது கையை மட்டும் நீட்டினார். தட்டு பாதியில் நின்றது. சரஸ்வதியம்மாளின் சிரிப்பும் நின்றது. மருதாத்தாள் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொன்னாத்தாளும் ஏலத்தோட்டமும் இனி வரப்போகிற அத்தனை வருஷத்துச் சாப்பாடும் இருந்தது.

அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

தோட்டாக் கூடு சிவப்புச் சிமெண்டுத் தரையில் டங்கென்று விழுந்தது. எண்ணெய் இளகி ஸ்பிரிங்குக்கு உயிர் வந்திருந்தது. விழுந்த வேகத்தில் வாயிலிருந்து ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, சொன்ன முறைப்படியே இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் துள்ளி வெளியே வந்தன. ஒன்று நாற்காலிக்கு அடியில் போயிற்று. மற்றது எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டே உருண்டு, கதவோரம் நின்ற தண்டபாணியின் கால் விரலில் முட்டி நின்றது.

பையன் குனிந்து எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். முறுக்கு வாசம் அடிக்குது என்றான். அப்புறம் சிரித்தான். முந்தின நாளிலிருந்து அவன் பல் வெளியே தெரிந்தது அப்போதுதான். தாய் சிரித்தாள், மருதாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள், ஈஸ்வரமூர்த்தி தட்டு ஆடாமல் பிடித்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார்.

ஆறுமுகசாமி முடிந்தது என்று நினைத்தார். சம்பந்தமும் போயிற்று, பத்தும் போயிற்று.

"தப்பா நெனைக்காதீங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "பையன் நேத்து ராத்திரி முடியவே முடியாதுன்னுட்டானுங்க. சோத்துல உப்பு இல்லீன்னு ஒரு வார்த்தை சொன்னாக்கூட மாமனார் பத்தையும் எறக்கிருவாருன்னு. எங்களுக்கும் உள்ளுக்குள்ள பயந்தானுங்க. காலைல அது வெடிக்காமப் போனதைப் பாத்துத்தான் சரின்னான். அதுக்கப்புறந்தான் இந்தத் தட்டையே எடுத்தேன்."

ஆறுமுகசாமி தரையைப் பார்த்தார். அப்பா காலத்திலிருந்து கட்டிக் காத்த பெருமை பாதி தரையில் கிடந்தது, பாதி வேட்டியில் ஊறியிருந்தது. அது வெடிக்காது என்பதற்காகவே தன் மகளை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை, குளிர்தான் காரணம், எங்கள் ஊர் வெயிலில் வந்து பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மானம் திரும்பும். தட்டும் திரும்பும்.

"ஒரே ஒரு வேண்டுகோளுங்க சம்பந்தி" என்றார் ஈஸ்வரமூர்த்தி. சம்பந்தி என்ற சொல் அந்தக் கூடத்தில் முதல் தடவையாக விழுந்தது. "அதுக்கு எப்பவும் இதே எண்ணெயையே போட்டு வெச்சிருங்க."

"எண்ணெய்க்கு நானாச்சுங்க" என்றாள் மருதாத்தாள்.

ஆறுமுகசாமி தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெற்றிலையில் அவர் கட்டைவிரல் எண்ணெயாகப் பதிந்தது.

திரும்பும் வழியில் உடுமலை வெயிலில் காலி முறுக்கு டின்னுக்குள் வைத்த கூட்டிலிருந்து எண்ணெய் தண்ணீராக ஓடிற்று. வீடு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டை எடுத்துப் பார்த்தார். மேலிருந்த தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்தினார், இறங்கிற்று. விட்டார், துள்ளி ஏறிற்று. வெள்ளைக்காரன் மூளை முதலமடையில் பழுதில்லாமல் வேலை செய்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் துக்கம்.

பாவா கடையில் கூட்டம் காத்திருந்தது. கல்யாணச் சேதி முன்னமே வந்துவிட்டது. துப்பாக்கிச் சேதிதான் பாக்கி. அங்கே சுட்டுக் காட்டினீங்களாமே, எத்தனை என்று ஒருவர் கேட்டார்.

"பத்தும் இருந்துது" என்றார் ஆறுமுகசாமி, பெஞ்சில் நிதானமாக உட்கார்ந்து. "ஒண்ணு சுட்டேன். அதுக்கே சம்மதம்னுட்டாங்க. மிச்சத்தை எதுக்கு வீணாக்கறது?"

பொய் என்று ஒரு சொல்லைக்கூட அதில் காட்ட முடியாது. கூட்டம் தலையாட்டிற்று. மாங்காய்க் கூடை பக்கத்திலேயே இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. கேள்வியைத் தயாராக வைத்திருந்த பாவாவுக்குக்கூட ஏதோ மாதிரி இருந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார்.

"கோயமுத்தூர்ல இருந்து வந்திருச்சுங்க. துப்பாக்கி எண்ணெய். எந்தக் குளிருக்கும் உறையாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்குதாமுங்க."

ஆறுமுகசாமி டப்பாவை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். பிறகு மூடி, பாவா பக்கமாக விரலால் தள்ளிவிட்டார்.

"திருப்பி அனுப்பிரு பாவா" என்றார். "தேங்காயெண்ணெய் ரெண்டு லிட்டர் போடு."